தவணை தொடங்கும்போது வீடு எங்கே நிற்கிறது?

(யாழ்ப்பாணத் தீவகப் பாடசாலைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறைக்குப் பின்னரான ஆரம்பப் பாடசாலை வாழ்வும் குடும்பத்தின் பங்களிப்பும் என்று அழைப்பிதழில் தலைப்பு நீளமாகப் போட்டிருக்கிறார்கள். நான் அதைச் சுருக்கிக் கேட்கிறேன். டிசம்பர் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற முதல் மூன்று கிழமையில் எங்கள் வீடுகள் எங்கே நிற்கின்றன? படலையோடு நின்றுவிடுகின்றனவா, வகுப்புவரைக்கும் வருகின்றனவா, அல்லது ரொறன்ரோவிலிருந்து காசை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் நிற்கின்றனவா?

இந்த விடுமுறை மற்ற விடுமுறைகளைப் போன்றதல்ல. சித்திரை விடுமுறை வெயிலும் விளையாட்டும். டிசம்பர் விடுமுறை மாரியின் நடுவில் வருகிறது. வாடை அடிக்கும், வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டால் படகு இறங்காது, கேணிகள் நிரம்பி வழியும். மெலிஞ்சிமுனையில் கிறிஸ்மஸ், நயினாதீவில் விடியப்புறத் திருவெம்பாவை, பிறகு பொங்கல், அதையொட்டிப் பனங்கிழங்குப் பாத்தி கிண்டுதல். நித்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறிப்போன ஒரு பிள்ளை, இவற்றுக்கு நடுவில் ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாக வகுப்பில் வந்து இருக்கிறது. அதோடு வகுப்பும் மாறுகிறது. பல பிள்ளைகளுக்கு ரீச்சரும் மாறுகிறார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எங்களுக்குத் தைமாதம் என்றால் புது வகுப்பு என்று தலைமுறை தலைமுறையாக ஒரு பழக்கம் இருந்தது. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அதைக் கலைத்துப்போட்டன. 2022-ஆம் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கியது, 2023 மார்ச்சில், 2024 பெப்ரவரியில். 2025-இல் ஜனவரி 27-ஆந் திகதிக்கு வந்து சேர்ந்தோம். இன்று மூன்றாம் நான்காம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரில் பலருக்கு, வருடம் எப்போது தொடங்குகிறது என்பதே செய்தியில் கேட்டுத் தெரிந்துகொள்கிற விசயமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத் திரும்ப நிலைநிறுத்துவது வீடும் பள்ளியும் சேர்ந்து செய்யவேண்டிய முதல் வேலை.

விடுமுறையில் பிள்ளை படித்ததை மறக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கோடை விடுமுறை முடிந்து வருகிற பிள்ளை சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழந்து வருகிறது என்று கண்டார்கள். இழப்பு கணிதத்தில் அதிகம். வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவாகப் பின்வாங்கவில்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பின்வாங்கினார்கள். எங்கள் விடுமுறை அவ்வளவு நீளமில்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் அதிலுள்ள பாடம் எங்களுக்கும் பொருந்தும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிற நாள்களில் பிள்ளைகளுக்கிடையில் வித்தியாசத்தை உண்டாக்குவது வீடு. அதேபோல, திறந்த பிறகு அந்த வித்தியாசத்தைக் குறைக்கக் கூடியதும் வீடுதான்.

தீவில் இதற்கு மேலே இன்னொரு சிக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் விடியமுன்னர் எழும்பி, 776 பஸ்ஸில் பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே படகுக்குக் காத்து நிற்கிற ரீச்சர்மாரை உங்களுக்குத் தெரியும். நயினாதீவு என்றால் கால்மணி நேரத்துக் கடல். நெடுந்தீவு என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. கடல் கொந்தளித்தால் அன்றைக்கு ரீச்சர் இல்லை. சிறிய பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் இல்லையென்றால் இரண்டு வகுப்பை ஒன்றாக இருத்தவேண்டியதுதான். ஆண்டு தொடங்கும்போது இடமாற்றமும் சேர்ந்து வரும்; பழைய ரீச்சர் போயிருப்பார், புது ரீச்சர் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார். பிள்ளையைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று அந்த நேரத்தில் மிஞ்சுவது யார்? நீங்கள்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். தீவகத்தில் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்தன? மிஷனரிமாரும் கத்தோலிக்கக் குருமாரும் தொடங்கியவை சில. 1923-இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் முகாமையில் இருந்தவை சில. யார் தொடங்கினாலும், காணி ஊரவர் காணி, மரம் ஊரவர் மரம், ஓலை வேய்ந்த கை ஊரவர் கை. கரம்பனில் 1913-இல் பிறந்த ஒரு பிள்ளை ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படிப்பைத் தொடங்கி, பிற்காலத்தில் தனிநாயகம் அடிகளாராக உலகத் தமிழாராய்ச்சிக்கு வழிகாட்டியது அந்தக் காலத்துத் தீவுக் கல்வியின் விளைச்சல். அன்றைக்குக் குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம் தன்னுடைய பொருள். கூரை ஒழுகினால் அது தன் வீட்டுக் கூரை.

1945-இல் இலவசக் கல்வி வந்தது. 1960-இன் சட்டத்தோடு உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980-இலிருந்து இலவசப் பாடநூல், 1993-இலிருந்து சீருடைத் துணி. இவை எல்லாம் பெரிய நன்மைகள். இவை இல்லாவிட்டால் நெடுந்தீவுப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே புத்தகத்தை விரித்திருக்க முடியாது. ஆனால் எல்லாம் மேலிருந்து வரத் தொடங்கியதும் குடும்பம் மெல்ல மெல்லப் பார்வையாளராயிற்று. பிள்ளையை அனுப்புவது எங்கள் வேலை, படிப்பிப்பது அவர்கள் வேலை என்று பிரித்துவைத்தோம்.

பிறகு 1990, 91 போர்க்கால இடப்பெயர்வு. புங்குடுதீவும் வேலணையும் மண்டைதீவும் வெறிச்சோடின. பலர் திரும்பவேயில்லை, வன்னிக்கும் கொழும்புக்கும் போய், அங்கிருந்து பாரிசுக்கும் சூரிச்சுக்கும் லண்டனுக்கும் போனார்கள். போனவர்கள் பள்ளிக்கூடத்தை மறக்கவில்லை. இன்று ஒரு தீவுப் பள்ளியில் வாசல் வளைவு, குடிதண்ணீர்த் தொட்டி, மேடை, ஒலிபெருக்கி எதைத் தொட்டாலும் அதில் ஒரு பழைய மாணவரின் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் குடும்பம் இப்போது மூன்றாவது வேடம் எடுத்திருக்கிறது. முதலில் சொந்தக்காரர், பிறகு பார்வையாளர், இப்போது புரவலர். நான் கேட்பது நாலாவது இடத்தை. பிள்ளையின் படிப்பில் பங்காளியாக வாருங்கள் என்று கேட்கிறேன்.

பங்காளி என்றால் என்ன? எங்கள் நடைமுறையை எடுத்துப் பாருங்கள். தரம் ஒன்றுக்குக் கால்கோள் விழா வைக்கிறோம். தரம் இரண்டுப் பிள்ளைகள் மாலை போட்டு வரவேற்பார்கள், விளக்கேற்றுவோம், பிரமுகர் பேசுவார், எல்லா அம்மாமாரும் தொலைபேசியைத் தூக்கிப் படமெடுப்பார்கள், படம் பத்து நிமிடத்தில் கனடாவுக்குப் போய்விடும். நல்ல விழா. ஆனால் அழுகை வருவது இரண்டாம் நாள். அன்றைக்கு மாலையும் இல்லை, பலூனும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை "அம்மா போகாதேங்கோ" என்று நிற்கும். விழாவுக்கு வந்தவர்களில் இரண்டாம் நாள் அரைமணி நேரம் முற்றத்தில் இருக்கத் தயாரானவர் எத்தனை பேர்? அந்த அரைமணி நேரத்தைத்தான் பங்காளித்தனம் என்கிறேன்.

அடுத்தது இல்ல விளையாட்டுப் போட்டி. முதலாந்தவணையில் பாதி அதற்கே போய்விடுகிறது. அதையும் குறை சொல்லவில்லை. பெற்றோர் ஓட்டத்தில் ஓடுகிற அப்பாவைப் பார்த்துக் கத்துகிற பிள்ளையின் முகம் ஒரு பாடத்துக்குச் சமம். பள்ளி திறக்க முன்னர் சிரமதானம் செய்கிறீர்கள். குடாநாட்டில் டெங்கு தலைதூக்குவது டிசம்பர், ஜனவரியில் என்பதால், தேங்கிய தண்ணீரையும் சிரட்டைகளையும் அப்புறப்படுத்துவது உயிர் காக்கிற வேலை. இவற்றுக்கெல்லாம் வருகிறீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் வருகிறீர்கள். அங்கே என்ன பேசுகிறோம்? கணக்கறிக்கை, கூரைத்தகடு, மதில், பரிசளிப்பு விழாச் செலவு. மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பந்தியை நிறுத்தாமல் வாசிக்கிறார்கள் என்று யாராவது எழும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கக் கூடாத கேள்வி என்று நினைக்கிறீர்களா? அதைவிடக் கேட்கவேண்டிய கேள்வி அந்த மண்டபத்தில் வேறு இல்லை.

ஏன் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார்: "நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது சேர், நானே ஐஞ்சாம் வகுப்போட நிண்டனான்." படித்தவர்தான் பிள்ளைக்கு உதவலாம் என்ற எண்ணம் அது. இதை நம்பவைத்ததில் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. ஒரு சம்பவம் சொல்கிறேன். விடுமுறை முடிந்து வந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "விடுமுறையில் நான்" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் கொப்பிகளைப் புரட்டினேன். ஒரு பையன் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனதாக அழகாக எழுதியிருந்தான். குளிர், தேயிலைத் தோட்டம், நீர்வீழ்ச்சி எல்லாம் இருந்தன. "நல்லாயிருக்கு தம்பி, எப்ப போனனீங்கள்?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். போகவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த கட்டுரை. அப்படியென்றால் விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு மெதுவாகச் சொன்னான்: "அப்பாவுக்கு நண்டு கழட்டினனான்."

பிறகு அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். வலையில் சிக்கின நண்டைப் பின்பக்கத்தால் பிடிக்கவேண்டும், முதலில் எந்தக் காலை எடுப்பது, நூலை எந்தப் பக்கம் தள்ளுவது, அவசரப்பட்டால் கால் முறியும், "கால் முறிஞ்சா கொம்பனிக்காரர் எடுக்கமாட்டினம், எடுத்தாலும் பாதிவிலை." பெரிய நண்டென்றால் ஒரு கிலோவுக்கு எத்தனை, சின்னதென்றால் எத்தனை என்று விரலில் எண்ணிக் காட்டினான். அந்தப் பிள்ளையின் வாயில் இருந்தது செயன்முறை விளக்கம், நிறை அளவை, விலைக் கணக்கு, சுற்றாடல் சார்ந்த செயற்பாடு. கொப்பியில் இருந்ததோ கடன் வாங்கின நுவரெலியா. நண்டு கழட்டினது எழுதுகிற விசயமில்லை என்று அவனுக்கு யார் சொன்னது? யாரும் வாய்திறந்து சொல்லியிருக்கத் தேவையில்லை. வீட்டில் நடப்பதைப் பள்ளிக்கூடம் ஒருநாளும் கேட்காவிட்டால், அது மதிப்பில்லாதது என்று பிள்ளை தானாகவே விளங்கிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்ற தகப்பனிடமிருந்து அந்த மகன் கற்றதைச் சேர்த்துப் பாருங்கள். அந்த அப்பாவா சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்?

ஆகவே ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தவணையின் முதல் கிழமையில் பாடநூலை விரிக்க முன்னர் பிள்ளையைப் பேசவிடுங்கள். பாத்தி கிண்டினது, படகுக்கு வர்ணம் பூசினது, அம்மம்மாவோடு ஒடியல் காயவைத்தது, குளத்தில் தண்ணீர் எந்தப் படிவரைக்கும் வந்தது. அதைக் கரும்பலகையில் எழுதுங்கள், அதையே வாசிக்கவையுங்கள், அதிலேயே கணக்குக் கொடுங்கள். பிள்ளை மறந்ததைத் திரும்பப் பிடிக்க இதைவிடக் கிட்டிய வழி இல்லை. எங்கள் வகுப்புகளில் ஆறு பிள்ளை, எட்டுப் பிள்ளை என்று குறைந்துவிட்டதே என்று கவலைப்படுகிறோம்; கவலைக்குரியதுதான். ஆனால் எட்டுப் பிள்ளை உள்ள வகுப்பில் எட்டு வீட்டையும் ரீச்சர் அறிந்துவைத்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற ரீச்சருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பெற்றோருக்கு என்ன வேலை? ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் பையில் ஒரு தொடர்புக் கொப்பி இருக்கும். நாளைக்கு என்ன கொண்டுவரவேண்டும் என்று பிள்ளை அதில் எழுதும். பிள்ளைக்குச் சுகமில்லை, இரவு சரியாக நித்திரை இல்லை என்று வீடு எழுதும். ரீச்சர் பார்த்து இரண்டு வரி பதில் எழுதுவார். ஆண்டில் சில நாள் பெற்றோர் வகுப்பின் பின்பக்கத்தில் நின்று பாடம் நடப்பதைப் பார்ப்பார்கள். இதை நாங்களும் செய்யலாம், பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். அப்பா கடலில், அம்மா வெளிநாட்டில் வேலை என்றால் அப்பம்மா ஒப்பமிடட்டும். எழுதத் தெரியாத அப்பம்மா என்றால் பிள்ளை வாசித்துக் காட்ட அவர் கேட்கட்டும்.

கேட்பதுதான் நான் உங்களிடம் கேட்கிற பெரிய உதவி. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் கால்மணி நேரம் பிள்ளை உரத்து வாசிக்க ஒருவர் இருந்து கேட்கவேண்டும். பிழை திருத்தவேண்டாம். பிறகென்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் போதும். வாசிப்புக்குச் செவி கொடுக்கப் பட்டம் தேவையில்லை. தொலைக்காட்சியை நிறுத்தினால் போதும். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாமாருக்கும் மாமிமாருக்கும் இதையே சொல்லுங்கள். காசு அனுப்புகிறார்கள், அனுப்பட்டும். கிழமைக்கு ஒருநாள் தொலைபேசியில் மருமகன் ஒரு கதை வாசிக்கக் கேட்கட்டும். அங்கேயும் பிள்ளைகள் அதே ஜனவரியில்தான் விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கு நெடுந்தீவுத் தம்பி தமிழ்க் கதை வாசித்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் இலாபம்.

படகு ஓடாத நாள்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ரீச்சர் வராவிட்டால் பிள்ளையையும் மறிக்கிற வழக்கம் எங்களிடம் உண்டு. முதல் மாதத்தில் நாலைந்து நாள் அப்படிப் போனால், அதன் பிறகு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போவதும் போகாததும் ஒன்றாகிவிடும். ஊரில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற பெட்டையள், பொடியள் இருக்கிறார்கள். அதிபரின் அனுமதியோடு, அந்த நாள்களில் வாசிப்பு மணித்தியாலம் நடத்த அவர்களைக் கேட்கலாம். அபிவிருத்திச் சங்கம் செய்யக்கூடிய காரியம் இது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுபோவதற்காகக் அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த ஏற்பாடு அது. இன்று அதுவே பெற்றோர் பங்களிப்பின் மறுபெயராகிவிட்டது. தரம் நாலு வரைக்கும் எட்டிப்பாராத வீடு, ஐந்தாம் வகுப்பு ஜனவரியில் திடீரென்று விழித்து, நாலு ரியூசனுக்கு அனுப்புகிறது. பிள்ளை சைக்கிளில் அலைகிறது, அம்மா படலையில் காத்திருக்கிறார். தரம் ஒன்றில் கால்மணி நேரம் செவி கொடுத்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கு இன்னும் ஒன்று. பெற்றோரைக் கூப்பிடுவது பிள்ளை குழப்படி செய்தால் மட்டும் என்றிருந்தால், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே வீட்டில் நெஞ்சு பதறும். முதல் மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போகட்டும். கூட்டம் வைக்கும் நேரத்தையும் பாருங்கள். இரவு முழுக்கக் கடலில் நின்றவருக்குக் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அப்பாமாருக்கு அக்கறையில்லை என்று சொல்வது நியாயமில்லை. கடலுக்குப் போகாத நாள் எது என்று ஊரைக் கேட்டு அந்த நாளில் வையுங்கள். அப்போதும் வராவிட்டால் பிறகு பேசலாம்.

செலவும் இருக்கிறது, மறுக்கவில்லை. கொப்பி, சப்பாத்து, பை என்று ஜனவரி ஒரு வீட்டை உலுப்பிவிடும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025-இல் அரசாங்கம் ஆறாயிரம் ரூபா கொடுத்தது உதவிதான், போதுமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் இன்றைக்குக் கேட்டவற்றில் ஒரு கொப்பியையும் பென்சிலையும் தவிர வேறெதற்கும் ஒரு சதம் தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

முடிக்கிறேன். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கணக்கறிக்கைக்கு முன்னர் ஒரு விடயத்தைச் சேருங்கள். தரம் மூன்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் மேடைக்கு வந்து, முன்னர் பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கட்டும். பிறகு தங்கள் வீட்டில் நடக்கிற ஒரு தொழிலை விளக்கட்டும். அவர்கள் தடக்கினால் யாரையும் குற்றம் சொல்லாமல், அடுத்த மாதத்துக்குள் வீடு என்ன செய்வது, பள்ளி என்ன செய்வது என்று அங்கேயே முடிவெடுங்கள். மதிலையும் மேடையையும் அதற்குப் பிறகு பேசலாம். இதைச் செய்தீர்களென்றால் வருகிற வருடம் பேச்சாளர் என்று என்னைக் கூப்பிடத் தேவையிருக்காது. அந்தப் பிள்ளைகள் பேசுவார்கள், நான் வந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.